எஞ்சினை உடைத்துப் பார்க்கவும் நிதி வேண்டும்

மகேந்திரகிரியில் 2023 ஜூலை 1 அன்று நடந்த சோதனை நாலரை நொடி ஓடியிருக்க வேண்டும். 1.9-வது நொடியிலேயே நின்றது. இஸ்ரோ உருவாக்கிவரும் செமி கிரையோஜெனிக் எஞ்சினின் தலைமைப் பாகங்களை முதன்முறையாகப் பற்றவைத்துப் பார்த்த நாள் அது. டர்பைனில் அழுத்தம் எதிர்பாராமல் எகிற, சுழற்சி வேகம் சரிய, சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. இஸ்ரோ இதை மூடி மறைக்கவில்லை, வெளிப்படையாகவே அறிவித்தது. இடையில் பல படிகளைத் தாண்டி, அந்த எஞ்சினின் பெரிய வெற்றிச் செய்தி 2025 மார்ச் 28 அன்று வந்தது: இரண்டரை நொடிச் சோதனை, திட்டமிட்டபடி முடிந்தது.

இரண்டரை நொடிக்கு இத்தனை மாதங்களா என்று டீக்கடையில் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ராக்கெட் என்றாலே வென்றதா, தோற்றதா என்ற ஒரே கேள்வியைத்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். எஞ்சின் செய்கிறவர்களின் கேள்வி வேறு. இது எப்போது, எந்த நிலையில் உடையும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு விடை காண, உடைத்துப் பார்ப்பதைத் தவிர முழுமையான வழி இன்னும் கிடைக்காத ஒரு சிக்கல் எஞ்சின் உலகில் உண்டு. அதன் பெயர் வெப்ப ஒலி நிலையின்மை. எரியறைக்குள் நெருப்பும் ஒலியும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு எஞ்சினையே சிதைத்துவிடும் கோளாறு இது. மகேந்திரகிரியில் அன்று நிகழ்ந்தது இதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெரிய எஞ்சின் எதைச் செய்தாலும் இந்தக் கோளாற்றைச் சந்தித்தே தீர வேண்டும். இதைப் புரிந்துகொள்வதில் சென்னை உலகின் முன்வரிசையில் இருக்கிறது. அந்த அறிவைச் சோதனை மேடைக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டில்தான் இந்தியா பின்தங்கியிருக்கிறது.

பாடும் நெருப்பு

குழாய்க்குள் வைத்த ஹைட்ரஜன் சுடர் ஒலி எழுப்புவதை பிரையன் ஹிக்கின்ஸ் 1777-லேயே கண்டார். 1859-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரைக்கே இன்னும் எளிமையான ஒரு சோதனையைச் சொன்னார். இன்றும் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கக்கூடியது அது. இரு முனையும் திறந்த நீளமான குழாய் ஒன்றை எடுத்து, அதன் கீழ் முனையிலிருந்து கால்பங்கு உயரத்தில் கம்பி வலையைச் செருக வேண்டும். குழாயை நிமிர்த்திப் பிடித்து, அடியில் பர்னரைக் காட்டி வலையைச் செக்கச்சிவக்கச் சூடாக்கிவிட்டு, பர்னரை எடுத்துவிட வேண்டும். அடுத்த கணம் குழாய் சங்கு ஊதுவதுபோல் ஓங்கி ஒலிக்கும். வலை ஆறும்வரை ஓயாது. குழாயைப் படுக்கவைத்தால் சத்தம் சட்டென்று நின்றுவிடும். மறுபடி நிமிர்த்தினால் மறுபடி ஒலிக்கும். வலையை மேல்பாதியில் வைத்தாலோ எவ்வளவு சூடாக்கினாலும் ஒலி வராது.

வெப்பம் இருந்தால் மட்டும் போதாது, அது சரியான இடத்தில் சரியான நேரத்தில் சேர வேண்டும் என்பதே இதன் பொருள். 1878-ல் ரேலி பிரபு இதை விதியாகவே சொல்லிவிட்டார். காற்று அழுந்தியிருக்கும் கணத்தில் வெப்பம் சேர்ந்தால் ஒலி அலை வளரும். தளர்ந்திருக்கும் கணத்தில் சேர்ந்தால் அடங்கும். இவ்வளவுதான் விதி. ஒரு பத்தியில் எழுதிவிடக்கூடிய இந்த விதி, ஒன்றரை நூற்றாண்டாகப் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. எஞ்சினின் எரியறையும் ஒரு குழாய்தான். உள்ளே எரியும் நெருப்பு ஒருபோதும் சீராக எரிவதில்லை, கொந்தளித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கொந்தளிப்பு ஒலியை எழுப்பும். ஒலி சுவரில் மோதித் திரும்பி வந்து நெருப்பை அசைக்கும். எரிபொருள் வரத்தையும் அசைக்கும். அசைந்த நெருப்பு மீண்டும் ஒலி எழுப்பும். இரண்டும் ரேலி சொன்ன கணக்கில் பொருந்திவிட்டால், அலை நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் முறை அடித்துக்கொண்டு வளரும். நெருப்பின் மொத்த ஆற்றலில் மிகச் சிறு பங்கு ஒலியாக மாறினாலே போதும். அழுத்தத்தால் உலோகம் விரிசல் விடுவது ஒரு பக்கம். அதைவிடக் கொடியது, சுவரை ஒட்டிப் பாதுகாப்பாக இருக்கும் மெல்லிய வாயுப்படலத்தை அந்த அலை துடைத்து எடுத்துவிடுவது. பிறகு தழல் நேரடியாகச் சுவரைத் தொடும். கண்ணிமைக்கும் நேரத்தில் உலோகம் உருகிவிடும்.

எஞ்சினுக்குள் குண்டு வைத்தவர்கள்

சந்திரனுக்கு மனிதரை அனுப்ப அமெரிக்கா வடிவமைத்த எஃப்-1 எஞ்சினுக்கு இதுதான் நேர்ந்தது. ஒற்றை எரியறையில் சுமார் 680 டன் உந்துவிசை. நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் உள்ளே பாயும். 1962 ஜூன் 28 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் நடந்த சோதனையில் நிலையின்மை கிளம்பி எஞ்சினையே அழித்தது. அப்போது சந்திரத் திட்டத்துக்குக் கெடு குறித்தாகிவிட்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நாசாவும் ராக்கெட்டைன் நிறுவனமும் ‘புராஜெக்ட் ஃபர்ஸ்ட்’ என்ற பெயரில் இந்த ஒரே கோளாற்றுக்காகத் தனிப்படை அமைத்தன. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அழைக்கப்பட்டார்கள். கோட்பாட்டில் அன்றைய பேரறிஞராக இருந்த பிரின்ஸ்டனின் லூயிஜி குரோக்கோவும் அவர்களில் ஒருவர்.

நிலையின்மை எப்போது வரும் என்று சொல்ல முடியாததுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. ஒரே எஞ்சின் இன்று அமைதியாக ஓடும், நாளை வெடிக்கும். காத்திருந்து பயனில்லை என்று கண்டதும், நிலையின்மையைத் தாங்களே வரவழைக்க முடிவெடுத்தார்கள். முழுவீச்சில் எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் சிறிய வெடிகுண்டு ஒன்றை வெடிக்கச் செய்வார்கள். அந்த அதிர்ச்சியில் கிளம்பும் அலை தானாக அடங்குகிறதா, வளர்ந்து எஞ்சினைத் தின்கிறதா என்று அளப்பார்கள். எரிபொருளும் ஆக்சிஜனும் பீய்ச்சப்படும் இன்ஜெக்டர் தகட்டில் துளைகளின் அளவு, கோணம், அமைப்பு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தகட்டின் முகத்தைச் செம்புத் தடுப்புகளால் 13 அறைகளாகப் பிரித்து, அலை குறுக்கே ஓடாதபடி வழி மறித்தார்கள். சுமார் 2,000 முழு அளவுச் சோதனைகளுக்குப் பிறகு, குண்டு வெடித்தாலும் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் தானாக அடங்கும் எஞ்சின் கிடைத்தது. சாட்டர்ன்-5 ராக்கெட் 13 முறை பறந்தது. அவற்றில் இருந்த 65 எஃப்-1 எஞ்சின்களில் ஒன்றுகூட இந்தக் கோளாற்றால் வீழவில்லை.

சோவியத் ஒன்றியம் வேறு வழியில் போனது. வாலன்டின் குளுஷ்கோவின் குழு பெரிய ஒற்றை எரியறையில் நிலையின்மையை அடக்க முடியாமல் திணறி, ஒரே எஞ்சினுக்கு நான்கு சிறிய எரியறைகள் என்ற ஏற்பாட்டுக்கு வந்தது. 1957-ல் ஸ்புட்னிக்கை ஏற்றிச் சென்ற ஆர்-7 ராக்கெட்டின் அடியில் 20 பெரிய முனைகள் தெரிவதற்கு இதுதான் காரணம். இன்றைய சோயுஸ் ராக்கெட்டிலும் அந்த வடிவம் அப்படியே தொடர்கிறது. ஒரு ராக்கெட்டின் தோற்றத்தையே தீர்மானிக்கும் அளவுக்கு இந்தக் கோளாற்றுக்குச் செல்வாக்கு உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஐரோப்பாவினுடையது. ஏரியன் ராக்கெட் 1979 டிசம்பர் 24 அன்று முதல் பயணத்தில் வென்றது. 1980 மே 23 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய இரண்டாவது ஏரியன் கடலில் விழுந்தது. முதல் கட்டத்தில் இருந்த நான்கு வைகிங் எஞ்சின்களில் ஒன்றில் எரிதல் நிலையின்மை. முதல் பயணத்தில் பிசகில்லாமல் ஓடிய அதே வடிவமைப்புதான் அது. பிறகு இன்ஜெக்டர் திருத்தப்பட்டது. பிந்தைய ஏரியன்களில் எரிபொருளே யுஎச்-25 என்ற கலவைக்கு மாற்றப்பட்டது. இந்த வைகிங்கின் இந்திய உடன்பிறப்புதான் நம் விகாஸ். 1970-களில் பிரான்சோடு செய்த ஒப்பந்தத்தின்படி இஸ்ரோ பொறியாளர்கள் அங்கே போய் வேலை செய்து கற்றுவந்த எஞ்சின் அது. பிஎஸ்எல்வியையும் ஜிஎஸ்எல்வியையும் இன்றுவரை அதுதான் சுமக்கிறது. ஐரோப்பா ஒரு ராக்கெட்டைக் கடலில் போட்டுக் கற்ற பாடமும் அந்த எஞ்சின் குடும்பத்தின் சொத்து. செமி கிரையோஜெனிக் எஞ்சினில் அப்படிக் கடனாகக் கிடைத்த பாடங்கள் போதாது. அதன் எரியறை அழுத்தம் 180 பார்; எஃப்-1 எஞ்சினைப்போல இரண்டரை மடங்கு.

சென்னையில் கேட்ட முன்னறிவிப்பு

இது ராக்கெட்டுக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. மின்நிலைய எரிவாயு டர்பைன்களில் நைட்ரஜன் ஆக்சைடு புகையைக் குறைக்க, 1990-களிலிருந்து எரிபொருளைக் காற்றோடு முன்கூட்டியே கலந்து, மெலிந்த கலவையாக எரிக்கிறார்கள். தழலின் வெப்பநிலை குறைகிறது, புகையும் குறைகிறது. ஆனால் மெலிந்த கலவையின் சுடர் சின்ன அசைவுக்கும் துள்ளும். டர்பைன் முனகத் தொடங்கினால் மின்நிலையப் பொறியாளருக்கு வயிற்றில் புளி கரையும். போர் விமான எஞ்சினின் பின்னெரிப்பானில் இதே கோளாறு கீச்சிடும் ஒலியாக வரும். இனி ஹைட்ரஜனையும் கலந்து எரிக்கப்போகிறோம். ஹைட்ரஜன் சுடர் இயற்கை எரிவாயுவைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவது. பழைய டர்பைனில் பழகிய கணக்கு அதற்குச் செல்லாது. ரூ.19,744 கோடியில் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் நடத்தும் நாடு இதை யோசித்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் சென்னை ஐஐடி வருகிறது. விண்வெளிப் பொறியியல் துறைப் பேராசிரியர் ஆர்.ஐ.சுஜித்தும் அவருடைய மாணவர்களும் கேட்ட கேள்வி எளிமையானது. நிலையின்மை வெடிப்பதற்கு முன் எரியறையில் கேட்கும் இரைச்சலை எல்லோரும் வெறும் சத்தம் என்று ஒதுக்கிவிடுகிறார்களே, அதில் சேதி ஏதும் இல்லையா? 2014-ல் ‘ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்’ இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரைகள், இருக்கிறது என்று காட்டின. இரைச்சலிலிருந்து நிலையின்மைக்கு எரியறை ஒரேயடியாகத் தாவுவதில்லை. இடையில் ஒரு கட்டம் உண்டு: சத்தத்துக்கு நடுவே சீரான அதிர்வு விட்டுவிட்டுத் தலைகாட்டும், மறையும், மீண்டும் வரும்.

தேர்வடம் பிடித்தவர்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் எத்தனை பேர் இருந்தாலும் தேர் அசையாது. ஒரு மூலையில் நாலு பேர் சேர்ந்து இழுக்கிறார்கள், பிறகு விட்டுவிடுகிறார்கள். இன்னொரு மூலையில் பத்துப் பேர் சேர்கிறார்கள். அந்தக் கட்டம் தாண்டி அத்தனை பேரும் ஒரே குரலுக்கு இழுத்தால் தேர் நகர்ந்துவிடும். எரியறையிலும் இப்படித்தான். சுடரின் சில பகுதிகள் ஒலியோடு ஒத்திசைந்திருக்க, அடுத்த பகுதிகள் தாறுமாறாக எரிந்துகொண்டிருக்கும் இடைநிலையை 2017-ல் அவர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். ஒத்திசைவு பரவப் பரவ ஆபத்து நெருங்குகிறது.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. எரியறைச் சுவரில் பொருத்திய ஓர் அழுத்த உணரி தரும் அலைவரிசையிலிருந்து ஹர்ஸ்ட் எண் என்ற அளவைக் கணக்கிட்டால், நிலையின்மை நெருங்கும்போது அது சுழியை நோக்கி இறங்குவது தெரியும். வெடித்த பிறகு அல்ல, வெடிக்கும் முன். ஒத்திசைவுக்கு வித்திடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் சிறு காற்றுத்தாரையைச் செலுத்தி நிலையின்மையை அடக்கும் வழியையும் அதே குழு காட்டியிருக்கிறது. அதே வளாகத்தில்தான் தேசிய எரிதல் ஆய்வு மையமும் இருக்கிறது. அதை வழிநடத்திய பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தியின் ஆய்வுத் துறையும் இந்த நிலையின்மைதான். அவர் இணை நிறுவனராக இருக்கும் அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டை ஏவியது. ஆய்வுக்கூடத்துக்கும் ஏவுதளத்துக்கும் உள்ள தூரம் குறையக்கூடியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

கணிதம் போதாதா?

கோட்பாடு இவ்வளவு வளர்ந்துவிட்டதே, கணினியும் இருக்கிறதே, இன்னும் எதற்கு உடைத்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பதில் இந்தக் கோளாற்றின் இயல்பிலேயே இருக்கிறது. பாலத்துக்குச் சிறு மாதிரி செய்து சோதிப்பதுபோல எரியறைக்குச் செய்ய முடியாது. எரியறையைச் சுருக்கினால் ஒலியின் அதிர்வெண் ஏறிவிடும். எரிபொருள் துளி ஆவியாகி எரிய எடுக்கும் நேரம் அதே விகிதத்தில் சுருங்காது. சின்ன எஞ்சினில் பொருந்தாத தாளம் பெரிய எஞ்சினில் பொருந்திவிடலாம். ஆகவே கடைசிச் சொல் முழு அளவுச் சோதனைக்குத்தான். முன்னறிவிப்புக் கணக்குகளையும் உண்மையான எஞ்சின் எல்லையைத் தாண்டி நிலைகுலைந்தபோது பதிவான தரவை வைத்துத்தான் சரிபார்க்க முடியும். உடையாத எஞ்சினின் தரவு, உடையும் நேரத்தைச் சொல்லாது.

நம் நிதி ஏற்பாடோ இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64%. அந்தப் பணத்திலும் உடைந்த கருவி என்றால் கோப்பில் ‘இழப்பு’ என்றுதான் ஏறும். மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்த ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி, மேம்பாட்டு, புத்தாக்க நிதி வரவேற்கத்தக்கது. ஆனால் ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கு நீண்ட காலக் கடன் தருவதே அதன் முதன்மையான வழி. வேண்டுமென்றே உடைக்கப்படும் எஞ்சின் எந்தக் கடனையும் அடைக்காது. சோதனை வசதிகளின் கதையும் தெரிந்ததுதான். 1989-ல் தொடங்கிய காவேரி போர் விமான எஞ்சினைப் பறக்கவிட்டுச் சோதிக்க ரஷ்யாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தேஜஸ் விமானங்கள் இன்றும் வெளிநாட்டு எஞ்சினுக்குக் காத்திருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து புதிய எஞ்சின் செய்வது பற்றிப் பேசும்போது வரைபடமும் எந்திரமும் கைமாறலாம். எந்த மாற்றம் எங்கே எஞ்சினை உடைத்தது என்ற அனுபவத்தை எவரும் விற்க மாட்டார்கள்.

எனவே மூன்று ஏற்பாடுகள் தேவை. ஒன்று, அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு எஞ்சின் திட்டத்தின் மதிப்பீட்டிலும் உடைப்புச் சோதனைக்கென்று தனித் தலைப்பில் தொகை ஒதுக்க வேண்டும். தணிக்கையாளர் அதை இழப்பாக அல்ல, வாங்கிய அறிவாகக் கணக்கில் கொள்ள வேண்டும். முப்பரிமாண அச்சு வந்த பிறகு எரியறையை வார்க்கும் காலமும் செலவும் சுருங்கிவிட்டதால், இது அறுபதுகளின் நாசா அளவுக்குச் செலவு வைக்காது.

இரண்டு, நிலையின்மைத் தரவைப் பகிர வேண்டும். எஃப்-1 உள்ளிட்ட எஞ்சின்களில் பட்டதையெல்லாம் திரட்டி நாசா 1972-ல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக வெளியிட்டது. பனிப்போர் இன்னும் முடியாத காலம் அது. உலகெங்கும் எஞ்சின் செய்கிறவர்கள் இன்னும் அதைப் புரட்டுகிறார்கள். ஏவுகணைத் தொழில்நுட்பம் கசிந்துவிடும் என்ற அச்சம் பொருளற்றதல்ல. ஆனால் எஞ்சினின் அளவுகளையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, அழுத்த அலைவரிசைகளை மட்டும் ஆய்வாளர்களுக்குத் தருவதில் பாதுகாப்புக்கு இடைஞ்சல் ஒன்றும் இல்லை. மகேந்திரகிரியிலும் பெங்களூருவிலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் பதிவுகள் பேராசிரியர்களின் கணினிக்கு வந்தால், சென்னையின் கணக்குகள் இன்னும் கூர்மையாகும்.

மூன்று, முழு அளவுச் சோதனை மேடைகளில் சில, இஸ்ரோவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் திறக்கப்பட வேண்டும். சிறிய ராக்கெட்டுகளுக்காகக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழும்புகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து பறக்கப்போகும் தனியார் எஞ்சின்கள், பறப்பதற்கு முன்பு தரையில் குண்டு வைத்துச் சோதிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சிறு நிறுவனமும் தனித்தனியாகச் சோதனை மேடை கட்டுவது நடக்காத காரியம். பொதுவில் ஒன்று வேண்டும், டர்பைன் செய்கிறவர்களுக்கும் ஹைட்ரஜன் பர்னர் செய்கிறவர்களுக்கும் சேர்த்து.

அமெரிக்கா 2,000 முறை சோதித்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாததால் எல்லா இடத்திலும் பார்த்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று நம்மிடம் இருக்கிறார்கள். அதனால் நமக்கு அத்தனை சோதனைகள் வேண்டியிருக்காது. ஆனால் அந்த எண்ணிக்கையைச் சுழியாக்கும் கணிதம் எதுவும் இல்லை. அடுத்த முறை மகேந்திரகிரியில் ஒரு சோதனை 1.9 நொடியில் நின்றால், ஏன் நின்றது என்று கேட்பதோடு, அந்த 1.9 நொடியின் தரவு யார் யார் கைக்குப் போயிற்று என்றும் கேட்க வேண்டும். நாடாளுமன்ற நிலைக்குழுவும் நிதி அமைச்சகமும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், எஞ்சினுக்கு வெளிநாட்டின் வாசலில் காத்திருக்கும் காலம் குறையத் தொடங்கும்.